அண்ணனின் ஈரலும் சர்க்கார் கல்லாவும்

இதை எழுத வேண்டாம் என்று ஒரு தோழர் சொன்னார். இருபது வருசமாக என்னோடு கூட்டங்களுக்கு வருகிறவர். "நம்ம ஜனங்கள குடிகாரங்கன்னு அவங்க ஏற்கெனவே சொல்லிட்டிருக்காங்க. நீயே போய் சாட்சி குடுக்கணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஆறு வருசம் என் அண்ணனின் நோயை ஒளித்து வைத்தேன். கூட்டத்துக்குப் போகமுடியாத நாளெல்லாம் சொந்தத்தில் சாவு என்று பொய் சொன்னேன். அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், வயிறு நீர் கோத்துப் பானை மாதிரி நிற்கிறது, அப்படியும் குடிக்கிறார் என்று ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. ஒளித்ததால் அவருக்கும் நன்மை இல்லை, சமூகத்துக்கும் நன்மை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பழைய சேலம் ஜில்லாவில் ஒரு நகராட்சி. அருந்ததியர் தெரு. அவ்வா வீட்டில் தெலுங்கு பேசும். எங்கள் தலைமுறை தமிழுக்கு வந்துவிட்டது. அப்பா நகராட்சியில் தோட்டி வேலை பார்த்தார். 1985ல் ரத்தவாந்தி எடுத்துச் செத்தார். என்ன நோய் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. "குடிச்சுக் குடிச்சுக் குடல் வெந்து போச்சு" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். மறுவருசம் வாரிசு வேலை என்ற பேரில் அப்பாவின் துடைப்பம் அண்ணன் கைக்கு வந்தது. அவருக்கு இருபத்தொரு வயசு. எனக்குப் பதினாறு. அந்தத் துடைப்பத்தால்தான் நான் காலேஜ் வாசலை மிதித்தேன். இன்றைக்கு மேடையில் வரலாறு பேசுகிறேன் என்றால், அது அவர் வாரிய சாக்கடையில் விளைந்த பேச்சு.

அண்ணன் குடிக்கப் பழகியது எப்படி என்று அவரையே கேட்டேன். 1981ல் அவருக்குப் பதினாறு வயசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அவரை ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். மலத்தொட்டி சுத்தம் பண்ணும் வேலை. வீட்டுக்காரர் குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொம்பு எடுக்கவில்லை. தூக்கிப் பிடித்துக் கையில்தான் ஊற்றினார். ஆனால் சாராயத்தை ஆள் அனுப்பி வாங்கி வைத்திருந்தார். இறங்குவதற்கு முன்னால் ஒரு கிளாஸ், ஏறிவந்த பிறகு ஒரு கிளாஸ். கூலியில் அதைக் கழித்துக்கொண்டார். "குடிக்காம எறங்கினா அன்னிக்கி பூரா சோறு எறங்காதுடா. அப்பாவே எடுத்துக் குடுத்தாரு. மருந்து மாதிரிதான் குடுத்தாரு" என்றார் அண்ணன்.

சாக்கடைக்கு, பிணம் தூக்க, செத்த மாட்டை இழுக்க, சாவு வீட்டில் ராவெல்லாம் பறையடிக்க என்று எந்த வேலைக்கு ஊரார் மூக்கைப் பொத்திக்கொள்வார்களோ, அந்த வேலையின் கூலியோடு சாராயம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பிறகு, "இவனுங்க சாராயம் இல்லாம வேலை செய்ய மாட்டானுங்க" என்று பேச்சும் வந்தது. கொடுத்த கை மறைந்துவிட்டது. வாங்கிய வாய் மட்டும் வரலாற்றில் நிற்கிறது.

அந்தக் கை யாருடையது என்று பார்க்க வேண்டும். 1886ல் சென்னை மாகாணத்தில் ஆப்காரிச் சட்டம் வந்தது. கள் இறக்கவும் சாராயம் காய்ச்சவும் சர்க்கார் அனுமதி வேண்டும் என்றானது. உரிமைகளைக் குத்தகைக்கும் ஏலத்துக்கும் விட்டார்கள். ஏலம் எடுத்தவன் போட்ட பணத்தை எடுக்க வேண்டுமானால் குடிக்கிற வாய் பெருக வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நிலவரிக்கு அடுத்தபடியாகச் சர்க்காருக்குப் பெரிய வருமானம் கலால்தான். நிலம் இல்லாதவன் நிலவரி கட்ட முடியாது. அவனிடமிருந்தும் வரி வாங்க ஒரு வழி இருந்தது. அவன் சாயங்காலம் கடைக்கு வந்தால் போதும்.

எங்கள் ஜில்லாவுக்கு இதில் தனி இடம் உண்டு. மாகாணத்திலேயே முதல் மதுவிலக்கு 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் ஜில்லாவில்தான் வந்தது. ராஜாஜி பிரதமராக இருந்தார். அடுத்த வருசம் சித்தூர், கடப்பை. 1939ல் வடஆர்க்காடு. அவ்வாவுக்கு அப்போது பதினைந்து வயசு இருக்கும். சாகும்வரை அந்த நாளைப் பற்றிச் சொல்லும். "கள்ளுக்கடைய மூடினாங்க கண்ணு. அந்த ரெண்டு மூணு வருசம் எங்கம்மா அடி வாங்கல. மொதமொதலா வீட்ல ரெண்டு வேளை சோறு ஆக்கினோம்." அவ்வாவின் இந்தச் சாட்சியத்தை நான் தள்ள மாட்டேன். பெண்கள் சொல்கிற மதுவிலக்கு வரலாறு வேறு. நம் ஆண்கள் பேசும்போது அதை விட்டுவிடுகிறோம்.

ஆனால் அவ்வா அதோடு நிறுத்தாது. "கள்ள நிறுத்தினவங்க கூடைய நிறுத்தலியே" என்று சொல்லும். தலையில் சுமந்த மலக்கூடையைத்தான் சொன்னது. கடையை மூடிய பிறகும் காலை நாலு மணிக்கு அதே கூடை, அதே எடுப்புக் கக்கூசு, அதே தெரு. 1937ல் மதுவிலக்குச் சட்டம் போடத் தெரிந்த நாட்டுக்கு, மலம் அள்ள ஆள் வைக்கக்கூடாது என்று சட்டம் போட 1993 வரை ஆனது. ஐம்பத்தாறு வருசம். அந்தச் சட்டமும் காகிதத்தில் கிடந்ததால் 2013ல் இன்னொன்று போட்டார்கள். குடியை நம் பாவமாகப் பார்த்தவர்கள், குடிக்க வைத்த வேலையை நம் கடமையாகப் பார்த்தார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. மதுவிலக்கால் வந்த வருமான இழப்பை ஈடுகட்ட 1939ல் விற்பனை வரி கொண்டுவந்தார்கள். போர்க்காலத்தில் கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. 1948ல் ஓமந்தூரார் காலத்தில் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. மதுவும் திரும்பி வந்தது, விற்பனை வரியும் போகவில்லை. இடையில் வசதியுள்ளவர்களுக்கு உடல்நலத்தைக் காரணம் காட்டி 'பெர்மிட்' கொடுத்தார்கள். பெர்மிட் வாங்க வழியில்லாதவன் காட்டில் காய்ச்சியதைக் குடித்தான், போலீசிடம் அடி வாங்கினான்.

அதற்குப் பிறகு நடந்ததை அண்ணனின் வயசோடு சேர்த்துச் சொல்கிறேன். 1971ல் மதுவிலக்கைத் தளர்த்திக் கடைகளைத் திறந்தபோது அவருக்கு ஆறு வயசு. அப்பாவுக்குக் கடையிலிருந்து வாங்கி வந்தவர் அவர்தான். 1974ல் மூடினார்கள். 1981ல் திறந்தார்கள்; அவருக்குப் பதினாறு, முதல் கிளாஸ். 1983ல் டாஸ்மாக் நிறுவனம் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கப்பட்டது. 1987ல் கள்ளும் சாராயமும் தடை. சீமைச் சரக்குக்குத் தடை இல்லை. அப்போது கர்நாடகத்துச் சாராயப் பாக்கெட் எல்லை தாண்டி எங்கள் தெருவுக்கு வந்தது. 1990ல் மலிவு விலை மது, 1991ல் அதற்குத் தடை. 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக்கே எடுத்தது, அவருக்கு முப்பத்தெட்டு. எங்கள் தெருவில் முதன்முதலாக பி.ஏ. படித்த பையனுக்கு அந்தக் கடையில்தான் வேலை கிடைத்தது. அண்ணனுக்கு பாட்டில் எடுத்துக் கொடுத்ததும் அவன்தான். யாரை நோவது?

2003-04ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருமானம் ஏறக்குறைய 3,600 கோடி ரூபாய். 2023-24ல் 45,000 கோடிக்கு மேல். இந்த இருபது வருசத்தில்தான் அண்ணனின் ஈரல் சுருங்கியது.

2019ல் கால் வீங்கியது. பிறகு வயிறு. கண்ணில் மஞ்சள். தெருவில் எல்லாரும் காமாலை என்றார்கள். பத்து நாள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். அண்ணி கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டிவிட்டார். ஒருத்தர் வந்து, குழம்பில் கலந்து கொடுத்தால் குடியே மறந்துபோகும் என்று ஒரு மாத்திரை விற்றார். அதை வாங்கினேன். நல்லவேளை, கொடுப்பதற்கு முன் டாக்டரிடம் காட்டினேன். "அவருக்குத் தெரியாம இதைக் குடுத்து, மேல சரக்கு போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. கெட்டுப்போன ஈரலை இந்த மாத்திரை இன்னும் கெடுக்கும்" என்றார். இப்படி எத்தனை வீட்டில் பாசத்தினாலேயே கலந்து கொடுக்கிறார்களோ.

டாக்டர் சொன்ன பெயர் சிரோசிஸ். ஈரல் வெந்து வெந்து தழும்பாகி இறுகிவிடுகிறது. ரத்தம் அதன் வழியாகப் போக இடமில்லாமல் உணவுக்குழாயில் நரம்பு புடைக்கிறது. அது வெடித்தால் ரத்தவாந்தி. அப்போதுதான் அப்பா எதில் செத்தார் என்று, முப்பத்துநாலு வருசம் கழித்து, எனக்கு விளங்கியது. இந்த நிலையிலும் குடியை நிறுத்தினால் ஆயுள் நீளும் என்றும் அவர் சொன்னார். அதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அண்ணனின் வேலை என்ன என்று கேட்டார்கள். சொன்னதும் முகம் மாறியது. "இந்த ஆளுங்கெல்லாம் இப்படித்தான். நல்லவனுக்கே பெட் இல்ல" என்று ஒரு ஊழியர் அண்ணன் காதுபடச் சொன்னார். பக்கத்துப் படுக்கையில் அதே நோயோடு ஒரு பெரிய கடைக்காரர். அவருக்குக் குடி 'பழக்கம்'. எங்களுக்கு அது 'குணம்'.

அந்த முதல் தடவை வீட்டுக்கு வந்ததும் நான் கண்டிப்பாக இருந்தேன். சம்பள கார்டைப் பிடுங்கிக்கொண்டேன். வெளிக்கதவைப் பூட்டினேன். மூன்றாம் நாள் ராத்திரி அவர் உடம்பெல்லாம் நடுங்கியது. சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கையால் தட்டினார். என்னைப் பார்த்து "அப்பா, அந்தத் தொட்டிக்குள்ள என்னை எறக்காத" என்று கும்பிட்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விடிந்து, பகல் பன்னிரண்டுக்குக் கடை திறக்கும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, நானே போய் வரிசையில் நின்றேன். முன்னாலும் பின்னாலும் காக்கிச் சட்டை போட்ட நகராட்சி ஆட்கள், காலை முறை வேலை முடிந்து வந்தவர்கள். அம்பேத்கர் படம் போட்ட பையில் குவார்ட்டர் பாட்டிலை வைத்து எடுத்துவந்தேன். நடுக்கம் நின்றது. குடிக்க வைத்த கைகளில் என் கையும் ஒன்று என்று அன்றைக்குத் தெரிந்தது.

பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டேன். பல வருசம் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், சித்தம் கலங்கும், சாகவும் கூடும். பூட்டி வைப்பது வைத்தியமில்லை. படுக்கையில் சேர்த்து, நடுக்கத்துக்கு மருந்தும் வைட்டமின் ஊசியும் கொடுத்து இறக்க வேண்டும். பட்டிதொட்டியெல்லாம் கடை திறக்கத் தெரிந்த அரசு, ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் இதற்கென்று நாலு படுக்கை போட்டிருந்தால் நான் அந்த வரிசையில் நின்றிருக்க மாட்டேன்.

நம் தலைவர்கள் குடியைப் பற்றி என்ன செய்தார்கள் என்று மறுபடி தேடியது அதற்குப் பிறகுதான். அயோத்திதாசப் பண்டிதர் 1898ல் பௌத்தத்தைக் கையில் எடுத்தபோது, பஞ்சசீலத்தில் கள்ளுண்ணாமையும் வந்தது. அண்ணல் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14ஆம் தேதி நாகபுரியில் கொடுத்த இருபத்திரண்டு உறுதிமொழிகளில் குடிக்கமாட்டேன் என்பதும் ஒன்று. இதை எல்லா மேடையிலும் சொல்கிறோம். ஆனால் 1951ல் அவருடைய ஷெட்யூல்டு வகுப்பினர் கூட்டமைப்பின் தேர்தல் அறிக்கை, மதுவிலக்கை எடுத்துவிட்டு அந்த வருமானத்தை மக்கள் நலத் திட்டங்களுக்குச் செலவிட வேண்டும் என்றது. இதைச் சொல்லமாட்டோம், சங்கடமாக இருக்கும். எனக்கு இரண்டிலும் முரண் தெரியவில்லை. குடிக்காதே என்று அவர் சொன்னது தன் ஜனங்களிடம், அவர்கள் மானத்தோடு நிற்க வேண்டும் என்பதற்காக. அரசாங்கத்திடம் அவர் ஒழுக்க உபதேசம் கேட்கவில்லை. பணத்தை எதற்குச் செலவழிக்கிறாய் என்று கேட்டார். இன்றைக்கு 45,000 கோடி வாங்குகிற அரசிடம் அந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

1992ல் ஆந்திராவில் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டா பெண்கள் சாராயக் கடையை எதிர்த்துக் கிளம்பினார்கள். அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டியவர்கள். தலித் பெண்களும் கூலிப் பெண்களும் முன்னால் நின்றார்கள். 1993 அக்டோபரில் அந்த மாநிலத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995ல் முழு மதுவிலக்கு. 1997ல் அதுவும் தளர்ந்தது. கடையை மூடுவது முடிவில்லை, ஆனால் மூடச் சொல்கிற பெண்களுக்கு அதற்கான காரணம் இருக்கிறது.

இந்த வரலாற்றையெல்லாம் ஒருநாள் அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆப்காரி, ஏலம், டாஸ்மாக் என்று. கேட்டுக்கொண்டே அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "எல்லாஞ் சரிதான் தம்பி. அவரு என் கைய ஒடிச்சாரே, அது எந்த வருசத்து சட்டம்?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அரசு செய்தது அரசின் கணக்கில். அண்ணன் செய்தது அண்ணன் கணக்கில். ஒன்றைக் காட்டி இன்னொன்றை அழிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் அரசுதான் காரணம் என்று சொல்லிவிட்டால், அண்ணனை யாரோ ஆட்டிவைத்த பொம்மையாக்கிவிடுகிறோம். பொம்மையால் குடியை விடவும் முடியாது.

2022ல் நாலு மாசம் குடிக்காமல் இருந்தார். ஈரல் மாற்று சிகிச்சைக்குப் பெயர் கொடுக்க ஆறு மாசமாவது குடிக்காமல் இருந்து காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். காலண்டரில் நாள் நாளாய்க் கோடு போட்டேன். கூட வேலை பார்த்தவர் ஒருவர் செத்துப்போனார். சாவு வீட்டில் குடித்துவிட்டு வந்தார். அன்றைக்கு நான் அவரோடு பேசவில்லை. ஒரு மாசம் அந்தப் பக்கமே போகவில்லை. அந்த ஒரு மாசத்தில் மூளைக்கு ஏறிவிட்டது. ஈரல் சுத்தம் பண்ணாத விஷம் தலைக்கு ஏறினால் ஆளே மாறிவிடுகிறார். ராத்திரி பகல் தெரியாது, பேர் தெரியாது. அதற்குக் கொடுக்கிற சிரப், நாளைக்கு இரண்டு மூன்று தடவை வயிற்றால் போக வைக்கும். ஊர் மலத்தை அள்ளியவரின் மலத்தை அண்ணி அள்ளினார். ஒடிந்து கூடின அதே கையால். அவருக்கு நினைவு திரும்பியதும் அதைச் சொன்னேன். முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் கூலிகள், தலித்துகள் அதிகம். குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவித்தபோது, "குடிச்சு செத்தவனுக்குப் பத்து லட்சமா?" என்று ஊரெல்லாம் பேச்சு. டீக்கடையில் நானும் கேட்டேன். பாதாளச் சாக்கடையில் இறங்கிச் செத்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014ல் சொன்னபோது அந்தக் கடையில் யாரும் எதுவும் பேசவில்லை. அது அவர்கள் காதிலேயே விழவில்லை. நாம் குழிக்குள் செத்தால் செய்தியில்லை. குடித்துச் செத்தால்தான் செலவு தெரிகிறது.

ஆறு வருசத்தில் நான் கற்றது கொஞ்சம்தான். குடித்துவிட்டு இருக்கும்போது அவரிடம் நியாயம் பேசுவதில்லை. காசு கொடுப்பதில்லை, கஞ்சி கொடுக்கிறேன், உப்பில்லாமல், கருவாடு ஊறுகாய் இல்லாமல். மறுபடி குடித்தால் மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். குடித்த அளவைக் குறைத்துச் சொல்லாமல் டாக்டரிடம் உள்ளபடி சொல்கிறேன். கை ஓங்கினால் அண்ணியும் பிள்ளைகளும் என் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று அவர் முன்னாலேயே பேசி முடிவாக்கினோம். அவரைக் கைவிடாமல் இருப்பதும், அவர் குடிக்குத் துணை போகாமல் இருப்பதும் இரண்டு வேலை. சில நாள் இரண்டையும் செய்ய முடிவதில்லை.

அண்ணன் 2025ல் ஓய்வு பெற்றார். இதை எழுதும்போது குடிக்காமல் முப்பத்தெட்டு நாள் ஆகிறது. நாலு மாசம் இருந்து உடைத்தவர் என்பதால் நான் கோடு போடுவதை விட்டுவிட்டேன். எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எழுது. நான் குழிக்குள்ள எறங்கினதையும் எழுது. அவ கைய ஒடிச்சதையும் எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். படிக்கிற தோழர்களில் பலர் வீட்டிலும் இப்படி ஒருவர் படுத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். நானும் உங்களிடம் சொல்லவில்லை, நீங்களும் என்னிடம் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் சொல்லிக்கொள்வோம். தாலுகாவுக்கு ஒரு குடிநோய் வார்டு என்ற கோரிக்கையை அங்கே இருந்துதான் எழுத வேண்டும்.